ராத்திரிக்கு யாரு?

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பதைத்தான் நாங்களும் கேட்டோம். சாப்பாடு எப்படி, பாத்ரூம் அறையோடு சேர்ந்ததா, வெந்நீர் வருமா, டாக்டர் வாரத்துக்கு எத்தனை தடவை வருவார், முன்பணம் எவ்வளவு. மேனேஜர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பெரியம்மா கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கேட்டு முடித்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ராத்திரிக்கு யாரு?"

வாட்ச்மேன் இருக்காரும்மா, கேட்டைப் பூட்டிடுவோம், ஒரு பயமும் இல்ல என்றார் மேனேஜர். பெரியம்மா திருடனைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எங்கள் வீட்டில் வளர்ந்த குழந்தைக்கும் தெரியும்.

அவர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அம்மா அவரைவிட ஆறு வயது சின்னவர். எங்கள் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965இல். அந்தப் புது மாவட்டத்தின் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகக் கட்டிலும் கட்டடமுமாக வளர்ந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். கட்டில் வளர்ந்த வேகத்தில் கை வளரவில்லை என்று சொல்வார். கை என்று அவர் சொன்னால் ஆள் என்று பொருள். "இன்னைக்கு வார்டுல எத்தனை கை?" என்றுதான் டூட்டிக்குப் போகும்போது யோசிப்பாராம்.

சின்ன வயதில் அவர் மடியில் படுத்துக் கேட்ட கதைகளில் ராஜா ராணி கிடையாது. நைட் டூட்டி உண்டு. நாற்பது கட்டில் வார்டு, கட்டிலுக்குக் கீழே பாயில் இன்னும் சில பேர், ஒரு நர்ஸ், ஒரு ஆயம்மா. ஸ்டெரிலைசரில் கண்ணாடி சிரிஞ்சு கொதிக்கிற சத்தம். ஓவர் வாங்கும்போது முந்தைய ஷிஃப்ட் நர்ஸ் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே வருவார்: இவருக்குக் காய்ச்சல் இறங்கலை, இவர் மூணு மணியிலிருந்து சிறுநீர் போகலை, இந்த அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்க. நள்ளிரவு பன்னிரண்டுக்கு சென்சஸ் எடுக்க வேண்டும். வார்டில் இருப்பவர்கள், வந்தவர்கள், போனவர்கள், செத்தவர்கள் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "நோயாளியை எண்ணச் சொல்லி உத்தரவு இருந்துச்சு கண்ணு. நர்சை எண்ணச் சொல்லி யாரும் உத்தரவு போடல" என்பார்.

எண்ணிக்கை காகிதத்தில் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த கணக்கில் பொது வார்டில் ஆறு கட்டிலுக்கு ஒரு நர்ஸ். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்று பேருக்கு ஒருவர், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர். அதற்கு மேல், லீவு போடுகிறவர்களுக்கு மாற்றாக நூற்றுக்கு முப்பது பேர் கூடுதலாக இருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு இந்த எண்கள் மனப்பாடம். நாற்பதை ஆறால் வகுத்துக் காட்டுவார். ஏறக்குறைய ஏழு வரும். இருந்தது ஒன்று. அந்த ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தன. டிவியில் எல்லாச் சேனலிலும் எங்கள் ஊர். எடை குறைந்த குழந்தைகள், குறைமாதப் பிரசவம், பிறந்ததும் மூச்சுத்திணறல் என்று அரசு காரணங்களை அடுக்கியது. போதிய டாக்டரும் நர்சும் இல்லை என்று எதிர்க்கட்சிகள் பேசின. பெரியம்மா அப்போது ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. "எத்தனை குழந்தைன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த ரூம்ல அந்த ராத்திரி எத்தனை சிஸ்டருன்னு ஒருத்தராவது சொல்றாங்களா பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பச்சிளம் குழந்தை சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் ஒரு ஷிஃப்டில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் என்பது விதி. விதி எதற்கு என்று அன்று எனக்கு விளக்கினார். ஒரு கிலோ எடையுள்ள குழந்தை அழுது கூப்பிடாது. மூச்சை மறந்துவிடும். பாதத்தைச் சுண்டிவிட்டால் மறுபடி மூச்சு எடுக்கும். சுண்டிவிடுகிற விரல் இரண்டடி தூரத்தில் இருக்க வேண்டும். பால் கொடுப்பது, சூடு பார்ப்பது, ஆக்சிஜன் பார்ப்பது, சொட்டு மருந்தின் வேகம் பார்ப்பது, ஒவ்வொரு குழந்தையையும் தொட்ட பிறகு கை கழுவுவது. கை கழுவ நேரம் இல்லாத நர்ஸ் கெட்ட நர்ஸ் இல்லை, அவளுக்கு மூன்றுக்குப் பதிலாகப் பத்துக் குழந்தைகளைக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அந்த இறப்புகளுக்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யாரும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழந்தை என்றதும் தொட்டில் ஞாபகம் வருகிறது. பெண் சிசுக்கொலைக்காகப் பேர் கெட்ட மாவட்டம் எங்களுடையது. வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விடச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் எங்கள் பக்கமும் வந்தது. பெரியம்மா பிரசவ வார்டில் இருந்த காலம் அது. மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் மாமியார்க்காரி ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் உட்கார்ந்தால், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இவர் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். மற்ற வேலைகளை நடுநடுவே போய்ச் செய்துவிட்டு அங்கேயே திரும்பி வருவார். யாரும் பார்க்காத நேரம் என்று ஒன்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நர்ஸ் வேலை என்பார். சிசுவுக்குச் சொன்னது கிழவிக்கும் பொருந்தும் என்று அப்போது அவரும் நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் மாவட்டத்தில் வயதானவர்கள் தனியாகிப் போனது பெங்களூர் பஸ்ஸால். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், எந்தப் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நின்றாலும் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பைகள் வரிசையாக இருக்கும். ஓசூர் கம்பெனிகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பிள்ளைகள் போனார்கள். படித்தவர்கள் இன்னும் தூரம் போனார்கள். 2011 கணக்கெடுப்பில் பதினைந்து லட்சம் பேர் இருந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்துக்காரர்கள். அந்தக் கிராமங்களில் மானாவாரியாகக் கேழ்வரகும் சாமையும் விளையும் காடு இருக்கிறது, புளியமரம் இருக்கிறது, திண்ணையில் ஒரு அப்பா அம்மா இருக்கிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. மாதாமாதம் பணம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முகம் வருகிறது. அம்மா பாத்ரூமில் வழுக்கினால் தூக்க ஒரு கை வருவதில்லை. அதனால்தான் இல்லங்கள் வந்தன. முன்பு அநாதைகளுக்கென்று இருந்தவை, இப்போது பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் பிள்ளைகள் பணம் கட்டுகிறவர்களுக்கும் வந்துவிட்டன. பெரியம்மா பென்ஷன் வாங்குகிற வகை. என் அம்மா இறந்த பிறகு, என் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல், என் வேலை நேரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நல்ல எடமா பாரு" என்று அவரே சொன்னார்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தன. சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. வயதாக ஆக முதுகெலும்பும் மூட்டும் இறுகும். கழுத்தைத் திருப்ப முடியாது, குனிய முடியாது, உடம்பு மொத்தமாகத் திரும்பும். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டு, காவிரித் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது பெரிய வரம். அறுபது வருடம் பழைய தண்ணீரைக் குடித்தவர்களின் எலும்பை அது இளக்காது. அவர்கள்தான் இன்று இல்லங்களில் படுத்திருக்கிறார்கள்.

அப்படி இறுகிய உடம்பைப் படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது ஒரு ஆள் வேலை இல்லை. பெரியம்மா இல்லத்தில் சேர்ந்த சில வாரங்களில் இதைத்தான் எனக்குச் செய்து காட்டினார். அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டிக்கு முதுகு பலகைபோல. இரவு டூட்டிப் பெண் ஒரு தோளைப் பிடித்து இழுத்தபோது பாட்டி கத்தினார். பெரியம்மா கைத்தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போய் நின்றார். அந்தப் பெண்ணை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். பாட்டியின் ஒரு கையை மார்பின் மேல் மடித்து வைத்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் தலையும் தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பின. முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி வைத்தார். இடுப்பெலும்புக்கு மேலே தோலை விரலால் அழுத்திப் பார்த்தார். சிவந்த இடம் விரலை எடுத்ததும் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் கெடவில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. அந்தப் பெண் அதைத் தன் விரலாலும் அழுத்திப் பார்த்தாள்.

அவள் சித்தேரி மலைப் பக்கத்துப் பெண். இருபது வயது சொல்லலாம். சில மாதம் பராமரிப்புப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவள். மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை அவள் ஒருத்திதான். 32 பேர். அதில் எட்டுப் பேர் படுத்த படுக்கை. வெள்ளைக் கோட் போட்டிருந்ததால் பார்க்க வருகிறவர்கள் அவளை நர்ஸ் என்று நினைத்தார்கள். இல்லம் அப்படிச் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பதிவு பெற்ற நர்ஸ் பகலில் ஒருவர் வந்து போவார். சில நாள் அவரும் வர மாட்டார்.

ராத்திரிக்கு யாரு என்ற கேள்விக்கு இப்படித்தான் பதில் கிடைத்தது.

பெரியம்மா பழைய டைரி ஒன்றில் கணக்குப் போட்டார். எட்டுப் பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்துக்குள் நாலு சுற்று. மொத்தம் 32 தடவை. துணி நனைந்திருந்தால் மாற்றி, துடைத்து, திருப்பி, தலையணை வைக்க ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் 320 நிமிடம். ஐந்தே கால் மணி நேரத்துக்கும் மேல். அதுவும் இரண்டு பேர் சேர்ந்து. இதற்கு நடுவே மற்ற 24 பேரில் ஒருவருக்கு மூச்சு வாங்கும், ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டை ஆட்டுவார், ஒருவருக்குப் பாத்ரூம் போகத் துணை வேண்டும். நாலு மணிக்கு வெந்நீர் போட வேண்டும். "அவ தூங்கினான்னு யாராச்சும் திட்டினா நான் விட மாட்டேன்" என்றார் பெரியம்மா. "அவ செய்ய முடியாத வேலையை அவ தலையில கட்டி வெச்சிருக்காங்க."

நான் கண்ணால் பார்த்த ஒன்று காலிங் பெல். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் வெள்ளை ஸ்விட்ச். இல்லத்தைச் சுற்றிக் காட்டியபோது அதை அழுத்திக் காட்டியிருந்தார்கள். டிங் டாங் என்று கேட்டது. அது கேட்டது முன்னால் உள்ள ஆபீஸ் அறையில். அந்த அறையை இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். டூட்டிப் பெண் இருப்பது பின்கட்டில். அங்கே நீண்ட வராந்தாவில் ஒரு நாற்காலி. பெல் அடித்தால் பூட்டிய அறைக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பின்னிரவில் அந்த ஸ்விட்சைப் பலமுறை அழுத்தியிருக்கிறார். யாரும் வராததால் தானே எழுந்து போய் பாத்ரூம் வாசற்படியில் விழுந்துவிட்டார். வெந்நீர் போட எழுந்த சமையல்காரர்தான் பார்த்தார். இடுப்பு எலும்பு முறிவு. வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் எலும்பு மட்டும் முறிவதில்லை. படுக்கை, படுக்கைப் புண், நெஞ்சில் சளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவரும் அப்படித்தான் போனார். வயசாச்சு, விழுந்துட்டார், போய்ச் சேர்ந்துட்டார் என்றார்கள். அவர் மகனும் அதைத்தான் நம்பினார். அந்த ஒயரைப் பின்கட்டுக்கு இழுக்க எலக்ட்ரீஷியனுக்கு ஒரு பகல் வேலை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மாத்திரை விஷயத்திலும் ஒரு நாள் தப்பு நடந்தது. ஒரே பேரில் இரண்டு அம்மாக்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு ரத்த அழுத்தம் மட்டும். டப்பா மாறிவிட்டது. கிளிபென்கிளமைடு மாதிரி நீண்ட நேரம் வேலை செய்கிற சர்க்கரை மாத்திரை, சர்க்கரை இல்லாத வயதானவர் வயிற்றுக்குள் போனால் பின்னிரவில் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். பெரியம்மா பாத்ரூம் போய்த் திரும்பும்போது அந்த அம்மாவின் நெற்றியில் கை வைத்திருக்கிறார், பழக்கம். சில்லென்று வியர்வை. கூப்பிட்டால் வார்த்தை குழறுகிறது. விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, 108க்குப் போன் செய்யச் சொல்லி, ஆம்புலன்ஸ்காரரிடம் என்ன மாத்திரை என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா பிழைத்தார். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அந்த இரவில் அந்த வராந்தாவில் நடந்தது தற்செயல். தற்செயலை நம்பி இல்லம் நடத்தக் கூடாது.

ஏர்வாடியைப் பெரியம்மா அடிக்கடி சொல்வார். 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகினார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. சங்கிலியைப் பற்றி நாடு முழுக்கப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். சங்கிலி எதற்குத் தேவைப்பட்டது என்பதைப் பெரியம்மா கேட்டார். ஆள் இல்லாத இடத்தில்தான் சங்கிலி வேண்டியிருக்கிறது. இல்லத்தில் இரவில் எழுந்து நடக்கிற மறதிக்காரர்களின் கையைச் சேலைத் துண்டால் கட்டிலோடு கட்டுவதை அவர் பார்த்துவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம். காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலத்தையும் உயிரோடு இருந்த முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு போன வேன் பிடிபட்ட பிறகு, ஒரு கருணை இல்லம் விசாரணைக்குள் வந்தது. அங்கிருந்தவர்களை அரசு வேறு இல்லங்களுக்கு மாற்றியது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர். சேர்த்துவிட்டுப் போன முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான், உரிமம் இல்லாமல் நடந்த அந்த ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் போனார்கள். 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இந்தப் பேர்கள் எல்லாம் பேப்பரில் வந்ததால் நமக்குத் தெரியும். கொடுமை என்று வந்தால் போலீஸ் வருகிறது. கொடுமையே இல்லாமல், நல்ல மனசோடு, சுத்தமான டைல்ஸ் போட்டு, 32 பேருக்கு ஒரு பெண்ணை வைத்து நடத்துகிற இல்லத்துக்கு யாரும் வருவதில்லை. நான் பயப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான், ஏனென்றால் அதுதான் அதிகம்.

சட்டம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க ஆர்.டி.ஓ.விடம் போகலாம் என்று ஊரில் பலருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியவர்கள் 150 பேர் தங்கும் இல்லத்தைப் பற்றிப் பேசுகிறது. அது பலருக்குத் தெரியாது. 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. எல்லா இல்லங்களும், வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிகளும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றது. நிலைக்குழுவுக்குப் போனது. 2024இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. அது நிறைவேறியிருந்தால் இரவுக்கு இத்தனை பேர் என்று எழுத ஒரு இடமாவது கிடைத்திருக்கும்.

நர்ஸ் ஏன் இல்லத்துக்கு வருவதில்லை என்று மேனேஜரிடம் கேட்டேன். கட்டுப்படியாகாது, வந்தாலும் நிக்க மாட்டாங்க என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த குழு, 50 கட்டிலுக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அது பரிந்துரையாகவே இருக்கிறது. அரசே என்ன செய்தது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வு எழுதி வந்த நர்சுகளை ஒப்பந்தத்தில் மாதம் 7,700 ரூபாய்க்கு வைத்திருந்தது. 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது. பிறகு 14,000 ஆனது. கொரோனாவில் கைதட்டி வரவேற்ற ஒப்பந்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். அவர்கள் சேலத்தில் போராடியபோது பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். உடம்பு முடியாததால் போக முடியவில்லை. நம் பெண்கள் சவூதிக்கும் இங்கிலாந்துக்கும் போய் அங்குள்ள முதியவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சில வெளிநாடுகளில் எத்தனை பேருக்கு எத்தனை கை என்பதைச் சண்டை போட்டு எண்ணாக மாற்றியிருக்கிறார்கள். லிண்டா எய்க்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002இல் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளை வைத்துக் காட்டினார்: ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை ஆனவர்கள் ஒரு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து முதியோர் இல்லத்தில் 24 மணி நேரமும் பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு முதியவருக்கு நாளைக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் நர்ஸ் கையால். அமெரிக்காவில் 2024இல் இப்படி ஒரு விதி போட்டார்கள், மறுவருடமே டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, பணக்கார நாட்டிலும் இது சும்மா கிடைப்பதில்லை. 215 நிமிடத்தைப் பெரியம்மாவிடம் சொன்னேன். டைரியை எடுத்தார். 32 பேருக்கு நாளைக்கு 114 மணி நேரத்துக்கும் மேல். இல்லத்தில் பகலில் நாலு பேர், இரவில் ஒருத்தி, ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். அறுபது மணி. "பாதி" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

நம்மிடமும் நல்லது ஒன்று நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, முன்பு எங்களோடு ஒன்றாக இருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளி என்ற ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்சும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருகிறார்கள். 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு அந்த நர்ஸ் படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டிய விதத்தைப் பார்த்து, நல்ல கையிடம் பயிற்சி எடுத்தவள் என்று பெரியம்மா சொன்னார். ஒரு வட்டாரத்துக்கு ஒரு நர்ஸ், அங்கே லட்சத்துக்கும் மேல் ஜனம். அந்த ஒரு நர்ஸ் ஒரு வீட்டுக்குத் திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

ஆசிரியர் இறந்த பிறகு நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து மேனேஜரைப் பார்த்தோம். மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறோம், இரவுக்கு இரண்டாவது ஆள் போடுங்கள், பெல்லைப் பின்கட்டுக்கு மாற்றுங்கள் என்றோம். பெல் மாறியது. ஆளும் வந்தார். சித்தேரிப் பெண்ணின் முகம் தெளிந்திருக்கிறது. இப்போது தோல் சிவந்ததும் அவளே பெரியம்மாவிடம் வந்து சொல்கிறாள். நர்சிங் படிப்பில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். காசு கொடுக்க முடிந்த வீட்டுக்காரர்களால் இது நடந்தது. யாரும் பார்க்க வராத இலவச இல்லங்களில் இருப்பவர்களுக்காக யார் மேனேஜரைப் பார்ப்பது என்று பெரியம்மா விடாமல் கேட்டார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மனு எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாவட்டத்தில் உள்ள எல்லா இல்லங்களையும் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வுக்குப் பகல் பதினொரு மணிக்கு வரக் கூடாது. அப்போது எல்லாரும் குளித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், எல்லா ஆளும் இருப்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குச் சொல்லாமல் வர வேண்டும். ஏதாவது ஒரு கட்டிலில் காலிங் பெல்லை அழுத்தி, கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுத வேண்டும். படுத்த படுக்கையாக உள்ளவர்களின் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். டூட்டி லிஸ்டில் உள்ள பேரையும் விழித்திருக்கும் ஆளையும் ஒத்துப் பார்க்க வேண்டும். படுக்கையில் உள்ளவர்கள் இருக்கிற இடத்தில் இரவில் இரண்டு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பதிவு பெற்ற நர்சாக இருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியாத இலவச இல்லங்களுக்கு அரசு கொடுக்க வேண்டும். ஆய்வு செய்கிற குழுவில் ஒரு நர்சையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் எங்கே விரல் வைத்து அழுத்திப் பார்ப்பது என்று அவருக்குத்தான் தெரியும்.

எழுதி முடித்ததும் வாங்கி ஒரு தடவை முழுக்கப் படித்தார். "ரெண்டு மணி"யைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். கீழே பேர் எழுதி, ஓய்வு பெற்ற செவிலியர் என்று போட்டு, பதிவு எண்ணையும் எழுதினார்.